எவரும் எழுதாத எழுத்து

ஒருவன் எழுதிய நூலிற் பிழை நேரின் அதற்கு அவனே பொறுப்பாளன் என்பதில் ஐயமில்லை. எழுதியவன் என ஒருவனும் இல்லாத எழுத்திற் பிழை நேரின் பொறுப்பு யாரைச் சாரும்? கணினித் துறையில் நாள்தோறும் எழும் இவ்வினா அறவியல் மாணவரும் சிந்திக்கற்பாலது.

மென்பொருளொன்றைப் பொதியாக்கும்போது கணினி இயக்கும் நிரல்கள் யாவும் மனிதர் எழுதியன அல்ல. ஓட்டோகொன்ப் என்னும் கருவி, சிறியதொரு குறிப்பிலிருந்து பல்லாயிரம் வரிகள் கொண்ட கொன்பிகர் நிரலை ஆக்கித் தருகின்றது. இவ்வாறு ஆக்கப்படும் கோப்புகள் பலவற்றின் தலைப்பில் ‘தானாக ஆக்கப்பட்டது, திருத்தற்க’ எனப் பொறிக்கப்பட்டிருக்கும். காண்பவரோ இதனைப் ‘படிக்கவும் வேண்டாம்’ என்றே பொருள்கொள்கின்றனர்.

இதன் விளைவு யாது? 2024 மே மாதத்தில் வெளியான ஜி.சி.சி. தொகுப்பியின் 14 ஆம் பதிப்பு, முன்னர் எச்சரிக்கையோடு விட்டுவந்த ஒன்றை, அதாவது முன்கூட்டி அறிவிக்கப்படாத சார்புகளை அழைத்தலை, பிழையெனவே கொண்டது. கொன்பிகர் நிரலோ சிறு சோதனை நிரல்களைத் தொகுத்துப் பார்த்தே இன்ன வசதி உண்டு, இன்னது இல்லை எனத் தீர்மானிப்பது. பழைய சோதனை நிரல்கள் சில இப்பிழையை உடையன. அவை தொகுபடாவிடின், வசதியே இல்லையென முடிவுசெய்து கொன்பிகர் மேற்செல்லும். பொதி குறைவின்றி உருவானது போலத் தோன்றும்; அதனுள் ஒரு வசதி மாத்திரம் சத்தமின்றி மறைந்திருக்கும்.

யாவற்றையும் வரிவரியாகப் படித்தல் இயலாது என்பர். அது மெய்யே. ஆதலாற்றான் டெபியன் குழுவினர், வந்துசேர்ந்த கொன்பிகரை நம்பாது, பொதியாக்கும்போது அதனை மீள ஆக்குவதை வழக்கமாக்கினர். நல்வழக்கம், ஆயின் வழக்கம் சடங்காவது எளிது. 2024 பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளியான எக்ஸ்.இசட். 5.6.0, 5.6.1 பதிப்புகளின் வெளியீட்டுப் பொதியில், பொதுக் களஞ்சியத்திற் காணப்படாத மாற்றத்துடன் ஒரு நுண்கட்டளைக் கோப்பு இருந்தது. மீள ஆக்கும்போது அழிந்துவிடாதிருக்க அது தன் வரிசையெண்ணை உயர்த்திக் காட்டியது. டெபியன் அல்லது ஆர்.பி.எம். பொதியாக்கத்தின்போதே அது விழித்து, சோதனைக் கோப்புகளுள் ஒளித்திருந்த தீநிரலை நூலகத்தினுள் நுழைத்தது. (இத்தகைய கோப்புகளை எவரும் பார்ப்பதில்லை என்பதை நன்குணர்ந்தவன் அதனை இட்டவனே.)

தொகுப்பியே வஞ்சிக்குமாயின் மூலநிரலைப் படிப்பதாற் பயனில்லை என்பதைக் கென் தொம்சன் 1984 இல் வெளியான தம் ரியூரிங் விருதுரையிற் காட்டினார். சோதனைக்கு முடிவில்லை, ஆகவே கடமையும் இல்லை என இதைக்கொண்டு வாதிப்பாரும் உளர். இவ்வாதம் பொருந்தாது. எழுதியவன் இல்லாதவிடத்துப் பொறுப்பு மறைந்துபோவதில்லை, வழங்குபவனிடம் வந்துசேர்கின்றது. யாவற்றையும் சோதிக்க அவனால் இயலாதிருக்கலாம். எவ்விடத்திற் சோதனையை நிறுத்தினான் என்பதையேனும் அவன் அறிந்திருத்தல் வேண்டும். பெறுபவனுக்கு அதனை மறைத்தலும் ஆகாது.

எக்ஸ்.இசட். வஞ்சகத்தை 2024 மார்ச் 29 அன்று வெளிப்படுத்திய அந்திரேஸ் புரொயிண்ட் அப்பொதிக்குப் பொறுப்பானவரல்லர். தரவுத்தள மென்பொருளை உருவாக்குபவர். கணினியினுட் புகுவதற்கு ஏறத்தாழ அரை வினாடி மிகுதியாகச் செல்வதைக் கண்டு காரணம் தேடினார். அவ்வரை வினாடியைப் பொருட்படுத்தாது விட்டிருப்பின், அவரைக் குறைகூற எவருக்கும் உரிமை இருந்திராது.