நாற்காலியை ஒப்படைக்கும் வழிகாட்டி



வேதாகமக் கல்லூரியில் பயின்று, ஜெபத்தோடு பணித்தளத்திற்கு அனுப்பப்படும் ஓர் இளம் ஊழியருக்கு இன்னும் ஒரு வழிகாட்டி தேவையா? வேதம் கையில் இருக்கிறது, பரிசுத்த ஆவியானவர் உள்ளத்தில் இருக்கிறார், இதற்குமேல் மனிதன் எதற்கு என்று கேட்போர் நம்மிடையே உண்டு. கேள்வி பக்தியுள்ளதாகவே தோன்றுகிறது. ஆனால் கற்பிப்போர் மிகுந்திருந்தும் தகப்பனாய் நிற்போர் குறைவாயிருப்பதே பவுலின் வருத்தமாயிருந்தது (1 கொரி. 4:15). உபாத்தியாயர் பாடத்தை அறிவார். தகப்பனோ பிள்ளையை அறிவார்.

பிள்ளையை அறிவதற்கு உடன் வாழவேண்டும். இதற்கு ஓர் உதாரணம் தமிழகத்தின் எல்லையை அடுத்த சித்தூர்ச் சீமையிலேயே இருக்கிறது. அந்நாளில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியில், பல மிஷன்கள் ஒன்றுகூடி 1912-இல் காசநோயாளருக்கான ஒரு மருத்துவ நிலையத்தைத் தொடங்கின. அது வளர்ந்த இடமே ஆரோக்கியவரம். டென்மார்க் தேசத்து மிஷனெரி மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மோலர் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. ஓய்வு, நல்ல காற்று, நல்ல உணவு ஆகியவற்றையே நம்பி நோயாளிகள் மாதக்கணக்கில் அங்கே தங்கினர். எனவே மருத்துவரும் அவர்களோடு தங்கவேண்டியிருந்தது. விரைவில் குணமாக்க இயலாத ஒருவனுடைய படுக்கையருகே நாள்தோறும் பொறுமையோடு நிற்பது எப்படி என்பதை எந்தப் புத்தகமும் சொல்லித்தராது. நிற்பவரைப் பார்த்தே அதைக் கற்கவேண்டும்.

அப்படி அவருடன் இருந்து பணியாற்றியவர்களுள் ஒருவர் டாக்டர் பி. வி. பெஞ்சமின். ஃப்ரிமோட்-மோலருடைய மகனும் மருத்துவரே. அவரும் பின்னாளில் ஆரோக்கியவரத்தில் சிறந்த சேவை செய்தார். ஆயினும் தந்தைக்குப்பின் தலைமை நாற்காலியில் அமர்ந்தவர் இந்தியராகிய பெஞ்சமினே. அவர் பின்னர் இந்திய அரசின் காசநோய் ஆலோசகராகி, 1955-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஊழியங்கள் குடும்பச் சொத்தைப்போலக் கைமாறுவதைக் கண்டுவரும் நாம் இந்த வரிசையைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். பெஞ்சமினை ஆயுள் முழுவதும் உதவியாளராகவே வைத்திருப்பது எளிதாயிருந்திருக்கும். அது அவருக்கு நஷ்டமாயிருந்திருக்கும் என்பது ஒருபுறம் இருக்கட்டும்; தேசம் முழுவதற்கும் நஷ்டமாயிருந்திருக்கும்.

நாற்காலியை மனதார ஒப்படைப்பதற்கு எப்போதும் அவகாசம் கிடைப்பதில்லை. அதே சீமையில் திருப்பதியைச் சூழ்ந்த பகுதிகளில், 1865 முதல் ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் ஊழியஞ்செய்து வந்தது. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது ஜெர்மானிய மிஷனெரிகள் தங்கள் பணித்தளங்களை இழந்தனர். பின்னர் அமெரிக்க லுத்தரன் மிஷன் பொறுப்பேற்றது உண்மையே. ஆனால் சபைகளைப் பராமரிக்கும் பாரத்தில் பெரும்பங்கு உள்ளூர்ச் சபை ஊழியர்கள்மேல் விழுந்தது. அந்த நாளுக்கென அவர்களை யாரும் விசேஷமாய் ஆயத்தப்படுத்தியிருக்க முடியாது. அதுவரை மிஷனெரிகளோடு கிராமம் கிராமமாக நடந்து கற்றது எவ்வளவோ, அவ்வளவே அவர்கள் கையில் இருந்தது. திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தென் ஆந்திர லுத்தரன் திருச்சபை இன்றும் நிற்கிறது.

வழிகாட்டுதலில் ஓர் ஆபத்தும் உண்டு. எல்லா முடிவுகளையும் தம்மிடமே கேட்கப் பழக்கும் மூத்த ஊழியர், தம்மை அறியாமலே இளையவருடைய மனச்சாட்சியின் இடத்தில் அமர்ந்துவிடுகிறார். இளையவரும் அதைக் கீழ்ப்படிதல் என்று எண்ணி நிம்மதியடைகிறார். தெலுங்கு இன்னும் நாவில் படியாத புதிய ஊழியர் சித்தூர்க் கிராமமொன்றில் தவறான சொல்லைச் சொல்லி நகைப்புக்குள்ளாகும் மாலையில், அவருக்கு வேண்டியது உத்தரவு அன்று. உடன் உட்கார்ந்து உண்ணும் ஒருவரே வேண்டும். மறுநாள் அவரையே மீண்டும் பேசவிட்டு, அவர் பின்னே நிற்க மனதுள்ள ஒருவர்.

பர்னபா அவ்விதமே செய்தார். எருசலேமில் எல்லாரும் அஞ்சிய சவுலைச் சேர்த்துக்கொண்டார். தர்சுவுக்குப் போய்த் தேடி அந்தியோகியாவுக்கு அழைத்துவந்தார். அப்போஸ்தலர் 13-ஆம் அதிகாரம் தொடங்கும்போது அவர் பெயர் முன்னும் சவுலின் பெயர் பின்னும் வருகின்றன. அதிகாரம் முடிவதற்குள் வரிசை மாறிவிடுகிறது. அதைக்குறித்து அவர் முறையிட்டதாக எங்கும் எழுதப்படவில்லை. பின்னர் மாற்குவைப் பவுல் தள்ளியபோது, பர்னபா அவனைச் சேர்த்துக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார். வருடங்கள் கழிந்து, பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது மாற்குவையே உடன் அழைத்துவரும்படி கேட்கிறார் (2 தீமோ. 4:11). அந்த நிருபத்தில் பர்னபாவின் பெயர் இல்லை.