துறவியின் ஊசி

விலைபோகக் கூடாது என்பதற்காகவே ஒரு துணியைத் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். பிறகு அந்தத் துண்டுகளை ஏன் அத்தனை நேர்த்தியாகச் சேர்த்துத் தைக்க வேண்டும்? பற்றை விட்டவருக்குக் கோணாத மடிப்பு எதற்கு? பௌத்தத் துறவி உடுத்தும் சீவரம் எழுப்பும் கேள்வி இது.

துறவிகளுக்கான விதிநூலான வினய பிடகத்தின் மகாவக்கம் என்ற பகுதி சீவரம் பிறந்த கதையைச் சொல்கிறது. மகத நாட்டு வயல்கள் வரப்பும் பாத்தியுமாக விரிந்து கிடப்பதைக் கண்ட புத்தர், அதேபோல் ஆடை அமைக்க முடியுமா என்று தம் சீடர் ஆனந்தரிடம் கேட்டார். நீளப் பட்டை, குறுக்குப் பட்டை, நடுக்கட்டம், அரைக்கட்டம் என்று ஆனந்தர் தைத்துக் காட்டினார். சுருக்கமாகச் சொன்னதை முழுமையாக விளங்கிக்கொண்டார் என்று புத்தர் அவரை மெச்சினார். கத்தி பட்ட துணிக்குப் பிறர் ஆசைப்பட மாட்டார்கள். துறவிக்கு அதுவே தகும்.

வேலைப்பாட்டில் மட்டும் சலுகை கிடையாது. அதே பிடகத்தின் சுல்லவக்கத்தில் வரும் விதிகளைப் படித்தால் ஒரு தையற்கூடமே கண்முன் எழும். கையால் கிழித்த துணி கோணலானது. சிறுகத்திக்கு அனுமதி கிடைத்தது. இறகாலும் மூங்கில் சிம்பாலும் தைத்தது சரியாக அமையவில்லை; ஊசி வந்தது. ஊசி துருப்பிடித்தது; ஊசிக்குழல் வந்தது. குத்துப்பட்ட விரலுக்கு விரலுறை வந்தது. தேரவாத மரபில் துறவிக்குரிய எட்டுப் பொருள்களில் ஊசியும் ஒன்று.

புத்தரின் சீடர் அனுருத்தருக்குச் சீவரம் தைத்த நாளைத் தம்மபத உரை விவரிக்கிறது. சக சீடர்களான மகாகாசியபர் ஒரு முனையிலும், சாரிபுத்தர் நடுவிலும், ஆனந்தர் மறுமுனையிலும் அமர்ந்தார்கள். பிட்சுக்கள் நூல் முறுக்கினார்கள். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவர் புத்தர்.

கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. துறவி கைவிடுவது பொருளின் விலையை, அது தனக்கே உரியது என்ற நினைப்பை. கையின் கவனத்தை அவர் கைவிடுவதில்லை. ஆசை விலகிய பிறகு அந்தக் கவனம் இன்னும் கூர்மையாகிறது. ஏனோதானோவென்று தைத்த துணியில் தெரிவது சோம்பல்தான்.

ஜப்பானில் 13ஆம் நூற்றாண்டில் ஜென் ஆசான் டோகன் இந்த ஆடையின் பெருமையைத் தனி நூற்பகுதியாகவே எழுதினார். 20ஆம் நூற்றாண்டில் ஜென் துறவி கோடோ சவாக்கி கையால் தைக்கும் வழக்கத்துக்கு மீண்டும் உயிரூட்டினார். அம்மரபில் வந்த தையற்குழுக்களில், ஊசியைச் சற்றே பின்னுக்குக் கொண்டுவந்து போடும் ஒவ்வொரு தையலுக்கும் புத்தரைச் சரணடையும் சொற்களை உச்சரிக்கிறார்கள்.

பற்றின்மையை அலட்சியம் என்று எண்ணுபவர்கள், ஒரு சீவரத்தின் உட்புறத் தையலைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.