மேடு பள்ளத்தின் நியாயம்

கேமரன் மலையில் காட்டுக்குள் போக இரண்டு விதமான பாதைகள் இருக்கின்றன. ஒன்று, பிரிஞ்சாங் மலை உச்சிக்கு அருகே பாசிக் காட்டுக்குள் போட்டிருக்கும் பலகைப் பாதை. தேயிலைத் தோட்டத்தின் நடுவே வளைந்து ஏறும் தார்ச்சாலையில் வண்டியில் போய் இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். இன்னொன்று, தானா ராத்தாவையும் பிரிஞ்சாங்கையும் சுற்றி இருக்கும் எண் போட்ட பாதைகள். நாலாம் எண் பாரிட் அருவிக்குப் போகிறது. ஒன்பதாம் எண் ராபின்சன் அருவிக்கு. பத்தாம் எண் ஜாசார் மலைக்கு. உள்ளே போகப் போக வேர், சேறு, வழுக்குப் பாறை, குறுக்கே விழுந்து கிடக்கும் மரம். மழை பெய்த மறுநாள் போனால் கால்சட்டை முழுக்க மண்தான்.

இந்தப் பாதைகளையும் சரி பண்ணிவிடலாமே என்று யாராவது அவ்வப்போது சொல்வதுண்டு. படி கட்டலாம், சிமெண்ட் போடலாம், குடும்பத்தோடு வரலாம், நாலு கடை வரும், ஊருக்கும் வருமானம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நான் சிவில் இன்ஜினியர். மலைச்சரிவு சரியாமல் நிற்குமா என்று கணக்குப் போடுவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பிப் பழகிய தொழில் இது. ஆனாலும் அந்தக் காட்டுப் பாதைகளை அப்படியே விட வேண்டும் என்பதே என் கட்சி. அதைச் சொல்லும்போது, அந்தக் கட்சி எந்த இடத்தில் செல்லாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம், என் பாட்டி இதே மலையில் கொழுந்து பறித்தவர்.

பனி விழும் நாடுகளில் இதே சண்டை ரொம்ப நாளாக நடக்கிறது. அங்கே பனிச்சறுக்கு மலைகளில் இரவில் பெரிய இயந்திரங்களை ஓட்டி, பனியைச் சீவித் தட்டையாக்குவார்கள். காலையில் வருபவருக்கு வெள்ளை விரிப்பு மாதிரி சரிவு கிடைக்கும். இயந்திரம் போகாத சரிவில் மேடுகள் முளைக்கும். மோகல் என்று அவற்றுக்குப் பெயர். யாரும் திட்டம் போட்டுக் கட்டுவதில்லை. சறுக்கிவரும் ஒருவர் திரும்பும் இடத்தில் பனி கொஞ்சம் ஒதுங்குகிறது. அடுத்தவரும் அங்கேயே திரும்புகிறார். பள்ளம் ஆழமாகிறது, பக்கத்தில் மேடு வளர்கிறது. நூறு பேர் போன பிறகு சரிவு முழுக்க மேடும் பள்ளமும். இன்ஜினியராக எனக்குப் பிடித்த விஷயம், இந்த மேடுகள் நாளாக ஆக மலையின் மேல்நோக்கி நகர்கின்றன என்பது. சறுக்குபவர்கள் ஒரு மேட்டின் கீழ்ப்பக்கத்தைச் சுரண்டி, அந்தப் பனியை அடுத்த மேட்டின் மேல்பக்கத்தில் சேர்த்துவிடுகிறார்கள். மனிதர்கள் கீழே இறங்க, மேடுகள் மேலே ஏறுகின்றன.

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் மேட் ரிவர் கிளென் என்று ஒரு சின்ன மலை இருக்கிறது. 1948இல் தொடங்கியது. 1995இல், அங்கே சறுக்க வந்துகொண்டிருந்தவர்களே பங்கு போட்டு, கூட்டுறவாக அதை வாங்கிக்கொண்டார்கள். பெரும்பாலான சரிவுகளை இயந்திரம் போட்டுத் தட்டையாக்குவதில்லை. ஒருவர் மட்டும் உட்காரும் பழைய நாற்காலித் தூக்கியைக்கூட விடாமல், பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். பெரிய நிறுவனங்களின் மலைகள் ஒன்றைப் போலவே இன்னொன்று ஆகிவரும் காலத்தில், எங்கள் மலை எங்கள் மலையாகவே இருக்கட்டும் என்பதுதான் அவர்கள் நிலை.

பனியைக் கண்ணால் பார்க்காத எனக்கு இந்த வாதம் எங்கோ பட்டது. பத்தாம் எண் பாதையும் அப்படி உண்டானதுதானே. முன்னால் போனவர் கால் வைத்த வேரில்தான் நானும் கால் வைக்கிறேன். அவர் சுற்றிப்போன சேற்றை நானும் சுற்றுகிறேன். நாலு பேர் சுற்றினால் அங்கே ஒரு புது வளைவு. பலகைப் பாதையை ஒருவர் வரைகிறார், மற்றவர்கள் நடக்கிறார்கள். காட்டுப் பாதையை நடப்பவர்களே கொஞ்சம் கொஞ்சமாக வரைகிறார்கள்.

இதில் ஒரு அறம் இருக்கிறது என்று நினைக்கிறேன். தட்டையான தரையில் நம் சார்பாக வேறு யாரோ முடிவு எடுத்துவிட்டார். இங்கே வழுக்காது, இங்கே நின்று பார், இங்கே திரும்பு. மேடு பள்ளத்தில் ஒவ்வொரு அடியும் நம்முடைய முடிவு. இந்த வேர் தாங்குமா, இந்தப் பாறை ஈரமா, இருட்டுவதற்குள் திரும்ப முடியுமா. நம் நாள் முழுக்க லிஃப்ட், நெடுஞ்சாலை, செயலி சொல்லும் வழி என்றே போகிறது. நம் கணிப்பை நாமே நம்பிப் பார்க்கும் சந்தர்ப்பம் குறைந்துகொண்டே வருகிறது. அப்படி ஒரு சந்தர்ப்பத்தைக் காசு வாங்காமல் தரும் இடம், ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு சின்னக் காட்டுப் பாதை.

ஆபத்து இல்லையா? இருக்கிறது. 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன், தானா ராத்தா அருகே தங்கியிருந்த பங்களாவிலிருந்து தனியாக நடக்கப் போனவர் திரும்பவில்லை. எத்தனையோ பேர் தேடியும் இன்றுவரை ஒரு தடயமும் இல்லை. அவருக்கு என்ன ஆனது என்பது வேறு கதை. ஆனால் காடு யாருக்கும் உத்தரவாதம் தருவதில்லை என்பதை அந்த ஊர் அன்றிலிருந்து மறக்கவில்லை. அதற்குப் பதில் சிமெண்ட் போடுவது ஆகாது. நல்ல வழிகாட்டிப் பலகை, போகும்போது யாரிடமாவது சொல்லிவிட்டுப் போகும் பழக்கம், மழை நாளில் வேண்டாம் என்று நிறுத்தும் எச்சரிக்கை, இவை போதும்.

பலகைப் பாதையின் பக்கமும் நியாயம் உண்டு. பாசிக் காட்டின் தரை, பஞ்சு மாதிரி ஊறிக் கிடக்கும் மக்கிய மண். கூட்டமாக மிதித்தால் எழுந்துவர வெகுகாலம் ஆகும். அங்கே பலகை போட்டது காட்டுக்காகவும்தான். முட்டி வலியோடு வரும் ஒரு அம்மாவும் அந்தக் காட்டைப் பார்த்துவிட்டுப் போக முடிகிறது. மலையில் ஒரு பாதை அப்படி இருப்பது சரி. எல்லாப் பாதையும் அப்படி ஆவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இதுவரை சொன்னதைப் பாட்டியிடம் சொன்னால் சிரிப்பார். ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது கேட்டேன். "அந்தச் சரிவெல்லாம் எவ்ளோ அழகு! தினமும் அதுல நடந்திருக்கீங்களே பாட்டி?"

"அழகை எங்கடா பாத்தோம்? காலைத்தான் பாத்தோம்" என்றார்.

பல நாள் அந்தப் பதிலைச் சுற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். காட்டுப் பாதையில் நானும் காலைத்தான் பார்க்கிறேன். கவனம் முழுக்கப் பாதத்தில் இருப்பது எனக்கு விடுதலை. அதே கவனம் அவருக்குக் கூலி. முதுகில் கூடை, பனிமூட்டம், ஈரச் செடி, நிறுவைக்கு எத்தனை கிலோ தேறும் என்ற கணக்கு. வழுக்கினால் அன்றைய சம்பளம் போச்சு. இன்றைக்குப் பிடிக்கவில்லை, வேறு வழியில் போகிறேன் என்று அவரால் சொல்ல முடியாது. நான் சனிக்கிழமை ஏறிவிட்டு ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரில் கால் நீட்டிப் படுக்கிறேன். அவர் திங்கள்கிழமையும் அதே சரிவில்.

வில்லியம் கேமரன் இந்த மலையை அளக்க வந்தது 1885இல். ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். இந்தத் தேதிகளைச் சுற்றுலாப் பயணிக்கான எல்லாக் கையேடும் சொல்லும். படம் பிடிக்கும் பச்சைச் சரிவைக் காலால் படித்துவைத்தவர்கள் நம்மவர்கள். இப்போது அதே சரிவில் நேபாளத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்தவர்கள் ஏறி இறங்குகிறார்கள். கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. சரிவு மட்டும் மாறவில்லை.

ஆகவே மேடு பள்ளம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. அதில் நடப்பவரால் முடியாது என்று சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. சொல்ல முடிந்தவருக்குக் கரடுமுரடு ஒரு செல்வம். சொல்ல முடியாதவருக்கு அது சுமை. நாம் செய்துகொண்டிருப்பது பெரும்பாலும் தலைகீழ். வேடிக்கை பார்க்க வருபவருக்கு கைப்பிடி வைத்த பாதை கிடைத்துவிடுகிறது. லயத்துக்குப் பின்னால் தண்ணிக்கும் கிளினிக்குக்கும் இறங்கும் மண்படி, எத்தனையோ தோட்டங்களில் மண்படியாகவே கிடந்தது. என் பாட்டியின் முட்டி தேய்ந்ததில் தேயிலைச் சரிவுக்கு எவ்வளவு பங்கோ, அந்தப் படிக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

தட்டையாக்குவதற்கு ஒரு விலையும் இருக்கிறது. அதைக் கொடுப்பவர் வேறு யாரோ. கேமரன் மலையில் காய்கறிக்கும் பூவுக்கும் சரிவுகளைப் படிப்படியாக வெட்டி, பிளாஸ்டிக் கூரை போட்டார்கள். வெட்டிய மண் மழையில் இறங்கியது. 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணைக்குப் பின்னால் இருக்கும் ரிங்லெட் ஏரியில் அந்த வண்டல் சேர்ந்து, நீர் நிற்க வேண்டிய இடத்தை அடைத்தது. 2013 அக்டோபர் 23 விடியலுக்கு முன், பெருமழையில் அணை நீரைத் திறந்துவிட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்தது. வீடுகள் போயின, உயிர்களும் போயின. மேலே ஒருவர் தனக்கு வசதியாக நிலத்தைச் சமமாக்கிக்கொண்டார். அந்த மேட்டின் மண், கீழே தூங்கிக்கொண்டிருந்தவர் வாசலில் போய் நின்றது. என் துறையில் இதை வண்டல், கொள்ளளவு, வெளியேற்றம் என்று எழுதுவோம். எந்தச் சொல்லில் எழுதினாலும், வெட்டிய மண் எங்கேயோ போய்த்தான் சேரும்.

நண்பன் ஒருவனிடம் இதையெல்லாம் சொன்னபோது மடக்கினான். "அப்ப உன் வாதம் சிம்பிள்டா. வசதியுள்ளவனுக்குக் கஷ்டம் கொடு, கஷ்டப்படுறவனுக்கு வசதி கொடு. இதுக்கு எதுக்குப் பனிச்சறுக்கெல்லாம்?"

பாதி சரி. மீதியைச் சொல்லத்தான் அந்தச் சறுக்குபவர்கள் தேவைப்பட்டார்கள். அவர்கள் மலையை வாங்கினார்கள். எந்தச் சரிவைச் சீவுவது, எதை விடுவது என்று அதில் சறுக்குபவர்களே உட்கார்ந்து தீர்மானிக்க முடிகிறது. நம் மலையில் பலகை எங்கே, படி எங்கே என்று தீர்மானிக்கும் மேசையில் காட்டை அறிந்த செமாய் மக்களோ, கூடை தூக்கியவர்களோ இருந்தால் வரைபடம் வேறு மாதிரி வந்திருக்கும் என்று நம்புகிறேன். காட்டுப் பாதையில் எந்த மரத்தை நகர்த்த வேண்டும், எதைத் தாண்டிப்போனால் போதும் என்று அவர்களுக்குத் தெரியும். எந்தப் படிக்கு முதலில் சிமெண்ட் வேண்டும் என்பதும் தெரியும்.

பத்தாம் எண் பாதைக்கு ஒதுக்க நினைக்கும் சிமெண்ட் மூட்டைகளை என்னிடம் கொடுத்தால், எந்த லயத்தின் பின்பக்கம் இறக்க வேண்டும் என்று பாட்டியிடம் கேட்டுச் சொல்வேன். அவர் விரல் நீட்டும் இடத்தில் இப்போது வேறு மொழி பேசும் ஒரு பெண் இறங்கிக்கொண்டிருக்கலாம். அவளிடமும் கேட்க வேண்டும்.