ஈட்டி திரும்பியது, தாவீது திரும்பவில்லை

அடி வாங்கி வந்த பெண்ணிடம், "மன்னிச்சிடும்மா, ஜெபம் பண்ணு, வீட்டுக்குப் போ" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் 1 சாமுவேல் 26-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசிக்கலாம். சவுல், தாவீதுக்கு வெறும் ராஜா அல்ல, மாமனார். சுரமண்டலம் வாசித்துக்கொண்டிருந்த மருமகன்மேல் வீட்டுக்குள்ளேயே ஈட்டியை ஓங்கியவர். மனைவி மீகாள் ஜன்னல் வழியாக இறக்கிவிட, தாவீது தப்பி ஓடினான். அந்த ஓட்டத்தை வேதம் அவிசுவாசம் என்று சொல்லவில்லை.

பிற்பாடு ஓர் இரவு, தாவீதைத் தேடி வந்த சவுல் அவன் கைக்கெட்டும் தூரத்தில் தூங்குகிறார். தலைமாட்டில் அதே ஆயுதம்: ஈட்டி. பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு. தாவீது குத்தவில்லை, இரண்டையும் எடுத்துக்கொண்டு எட்டப் போய் நிற்கிறான். விழித்த சவுல், தப்பு என்னுடையதுதான், திரும்பி வா, இனி ஒன்றும் செய்யமாட்டேன் என்கிறார். (எத்தனை மனைவிமார் கேட்டுச் சலித்த பேச்சு!) தாவீதோ, ஈட்டியை வாங்கிப்போக ஓர் ஆளை அனுப்பச் சொல்லிவிட்டுத் தன் வழியே போகிறான். பழி வாங்கவில்லை, அரண்மனைக்குத் திரும்பவும் இல்லை.

அடி வாங்கிய பெண்ணின் மனம் ஆறவும் நாளாகும். வாசலில் பைக் சத்தம் கேட்டால் வயிறு கலங்குவது விசுவாசக் குறைவு அல்ல. உடம்பு இன்னும் பயத்தை மறக்கவில்லை. சங்கீதங்களில் பல, அழுகையும் முறையீடும்தான். அப்படி அழ சபையில் இடம் கொடுங்கள். சாட்சி சொல்ல அவசரப்படுத்தாதீர்கள். குடும்ப வன்முறைக்கு எதிரான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். போதகரம்மாவே பெண்கள் உதவி எண்ணான 181-க்குப் போன் போட்டுக் கொடுத்து, கூடப் போகலாம்.