தேடுவதற்கு முன் தகுதி பார்க்கலாமா?

வயது வந்த ஒரு பெண்ணைக் காணவில்லை என்று குடும்பத்தார் காவல் நிலையத்துக்கு வந்து சொல்கிறார்கள். அவள் தானாகவே எங்காவது போயிருக்கலாம்; நாளைக்கே திரும்பியும் வரலாம். யாரேனும் கடத்திக்கொண்டு போயிருக்கவும் கூடும். எது உண்மை என்று அந்த நேரத்தில் ஒருவருக்கும் தெரியாது. அப்படியிருக்க, எவ்வளவு அவசரமாக அவளைத் தேட வேண்டும் என்பதை எதை வைத்து முடிவுசெய்வது? கனடாவின் பூர்வகுடிக் குடும்பங்கள் பல, இந்தக் கேள்விக்குக் கிடைத்த தவறான விடையோடு பல்லாண்டுகளாக வாழ்ந்துவருகின்றன.

கனடாவின் மத்தியக் காவல்துறை 2014இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1980 முதல் 2012 வரை 1,017 பூர்வகுடிப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். 164 பேரைக் காணவில்லை. நாட்டின் பெண்களில் பூர்வகுடியினர் 4.3 விழுக்காடுதான், கொலையுண்ட பெண்களிலோ 16 விழுக்காடு. மேரியன் புல்லர் தலைமையிலான தேசிய விசாரணை ஆணையம் 2019 ஜூனில் அளித்த இறுதி அறிக்கை, உண்மையான எண்ணிக்கை யாருக்கும் தெரியாது என்றே சொன்னது. அந்த ஆணையத்தின் முன் வந்த குடும்பங்கள் பலவற்றின் அனுபவம் ஒன்றுபோலவே இருந்தது. புகார் கொடுக்கப் போனபோது, எங்காவது குடித்துக்கொண்டிருப்பாள், தானாக வந்துவிடுவாள் என்ற தோரணையில்தான் பதில் கிடைத்தது.

காவல்துறையின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. காணாமல் போனதாகப் புகார் வருபவர்களில் பெரும்பாலோர் சில நாட்களில் திரும்பிவிடுகிறார்கள். எல்லாப் புகாருக்கும் ஒரே வேகத்தில் ஓட ஆள்பலம் போதாது. வீட்டைவிட்டுப் போகும் உரிமை வயது வந்தவளுக்கு உண்டு. அடி உதைக்கு அஞ்சி ஒளிந்திருப்பவளைத் தேடிப்பிடித்துக் காட்டிக்கொடுப்பதும் பாவம்தான். ஆகவே எதை முதலில் கவனிப்பது என்று பார்க்கத்தான் வேண்டும்.

தவறு, அதற்கு வைக்கும் அளவுகோலில் இருக்கிறது. மருத்துவமனையின் அவசரப் பிரிவில் உயிராபத்து அதிகமுள்ளவரைத்தான் முதலில் கவனிப்பார்கள். குலம் கோத்திரம் விசாரிப்பதில்லை. அந்த அளவுகோலை நேர்மையாக வைத்தால், வரிசையில் முன்னால் நிற்க வேண்டியவள் இப்படித் தட்டிக்கழிக்கப்படும் பெண்தான். கையில் காசில்லை, சொந்த வண்டியில்லை, தங்க நிலையான இடமில்லை, போதைப் பழக்கமும் இருக்கிறது. ஒவ்வொன்றும் அவளுக்கு ஆபத்து கூடுதல் என்பதற்கே அடையாளம். ஆனால் புகார் வாங்கும் மேசைக்கு வந்ததும், ‘இப்படிப்பட்டவள் எங்கே வேண்டுமானாலும் போயிருப்பாள்’ என்று காத்திருப்பதற்கு அதே பட்டியல் காரணமாகிவிடுகிறது. அந்த ஆபத்துகளும் தாமாக வந்தவையல்ல. பூர்வகுடி அந்தஸ்து இல்லாத ஆணை மணந்த பெண்ணின் அந்தஸ்தைப் பறித்து, சொந்த ஊரில் வாழும் உரிமையையும் 1985 வரை இல்லாமலாக்கியது, கனடா தன் பூர்வகுடியினருக்கென இயற்றிய ‘இந்தியர் சட்டம்’. பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென நடந்த உறைவிடப் பள்ளிகள் அவர்களைத் தாயிடமிருந்து பிரித்தன. ஒருத்தியைப் பாதுகாப்பற்றவளாக்கிய அரசுக்கு அவளைத் தேடும் கடமை கூடுமே தவிரக் குறையாது.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிரின்ஸ் ஜார்ஜ் முதல் பிரின்ஸ் ரூபர்ட் வரை 700 கிலோமீட்டருக்கு மேல் நீளும் 16ஆம் எண் சாலையைக் ‘கண்ணீர் நெடுஞ்சாலை’ என்கிறார்கள். அந்தத் தடத்தில் கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் பலருடைய வழக்குகளில் இன்றுவரை யாரும் பிடிபடவில்லை. சாலையோரத்தில் பெண்களின் படங்களோடு ஒரு பெரிய பலகை நிற்கிறது. கொலைகாரன் நடமாடுகிறான், பெண்கள் லிப்ட் கேட்டு வண்டியில் ஏற வேண்டாம் என்கிறது அது. அக்கறையோடு வைத்த பலகைதான். ஆனால் அடுத்த ஊர் மருத்துவரைப் பார்க்க வேண்டிய, வண்டியும் காசும் இல்லாத பெண் வேறு எப்படிப் போவாள்? ஊர்களை இணைத்துப் பேருந்து விட வேண்டும் என்பது, 2006இல் அவ்வட்டாரத்தில் கூடிய கருத்தரங்கின் 33 பரிந்துரைகளில் ஒன்று. அந்தப் பேருந்து ஓடத் தொடங்கியது 2017இல். பதினொரு ஆண்டுகள் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் எச்சரிக்கைதான்.

தேடலில் தவறு இரண்டு விதமாக நேரலாம். தானாகப் போனவளைத் தேடினால் சிலருடைய உழைப்பு வீணாகும், அவ்வளவுதான். உயிரோடு இருக்கிறாள், இருப்பிடத்தைச் சொல்ல விரும்பவில்லை என்று மட்டும் வீட்டாருக்குத் தெரிவித்தால் அவள் உரிமைக்கும் பங்கமில்லை. கடத்தப்பட்டவளைத் தேடாமல் விட்டாலோ, கடைக் கேமராவின் பதிவு அழிந்துபோகும். பார்த்தவர்களின் நினைவு மங்கும். மழையும் பனியும் தடயத்தைக் கழுவிவிடும். பிறகு எத்தனை ஆணையம் அமைத்தாலும் அந்த முதல் நாட்கள் திரும்பி வரா. ஈடுகட்டக்கூடிய தவறுக்கு அஞ்சி, ஈடுகட்ட முடியாத தவறைச் செய்வது அறமாகாது.

உயிரோடு இருப்பாள் என்ற நம்பிக்கை போனபின்னும் தேட வேண்டுமா என்பது இன்னும் கடினமான கேள்வி. கொல்லப்பட்ட இரண்டு பூர்வகுடிப் பெண்களின் உடல்கள் மனிடோபா மாகாணத்தின் வின்னிபெக் நகருக்கு வெளியே ஒரு குப்பைக்கிடங்கில் இருப்பதாக நம்பியும், தேடுவது சாத்தியமில்லை என்று காவல்துறை 2022 டிசம்பரில் கைவிரித்தது. கல்நார் நச்சு, வேலையாட்களின் பாதுகாப்பு, 8.4 கோடி முதல் 18.4 கோடி டாலர் வரை ஆகலாம் என்ற மதிப்பீடு எல்லாம் உண்மையான தடைகளே. உயிரோடிருக்கும் பெண்களுக்கு அந்தப் பணத்தில் எவ்வளவோ செய்யலாம் என்ற வாதமும் எளிதில் தள்ளத்தக்கதல்ல. ஆனால் ஒரு பேருந்துக்குப் பதினொரு ஆண்டுகள் காத்திருந்தவர்களிடம் அந்த வாதம் எடுபடாது. மனிடோபாவில் ஆட்சி மாறியபின், 2024 டிசம்பரில் தேடல் தொடங்கியது. 2025 தொடக்கத்தில் இருவரின் எச்சங்களும் கிடைத்தன. கிடைக்காமல் போயிருந்தாலும் தேடியது சரிதான். ஒரு மகளைக் குப்பையோடு விட்டுவிடலாம் என்று அரசு முடிவுகட்டினால், கொன்றவன் அவளுக்கு வைத்த மதிப்பை அரசும் ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

அதே வின்னிபெக்கில் 2014இல் தன்னார்வலர்கள் படகுகளில் ஏறி, கொக்கியும் சங்கிலியும் பூட்டிய கம்பிகளை ரெட் ஆற்றின் அடியில் இழுத்துத் தேடத் தொடங்கினார்கள். காணாமல் போனவர்களின் உறவினரும் அவர்களில் இருந்தார்கள். அவர்களின் உறுதியைப் போற்ற வேண்டும். அதைக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து நழுவிக்கொள்ள விடக் கூடாது.

புகார் வந்த அன்றே பதிவாக வேண்டும். பத்திரமாக இருக்கிறாள் என்று உறுதியாகும்வரை, ஆபத்தில் இருக்கிறாள் என்றே கொள்ள வேண்டும். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கேட்டலையவிடாமல் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். தேடல் என்பது ஒழுங்காக வாழ்ந்தவளுக்கு அரசு தரும் பரிசன்று. அவள் யார், யாரோடு பழகினாள், எப்படி வாழ்ந்தாள் என்ற கேள்விகளைக் கேட்கத்தான் வேண்டும். அவளைக் கண்டுபிடிப்பதற்காக மட்டும் கேட்க வேண்டும்.