சுடாமல் நடந்துபோனவன்

2009 நவம்பரில் வந்த ‘கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2’வில் ஒரு மிஷன் இருக்கிறது. பெயர் ‘நோ ரஷ்யன்’. ஆடியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆடாதவர்களுக்காக: நீங்கள் ஒரு அமெரிக்க உளவாளி. மகரோவ் என்கிற பயங்கரவாதியின் கும்பலுக்குள் வேஷம் போட்டு நுழைந்திருக்கிறீர்கள். மாஸ்கோவில் ஒரு விமான நிலையம். லிஃப்ட் கதவு திறக்கிறது. வரிசையில் நிற்கும் ஜனங்களைக் கும்பல் சுட ஆரம்பிக்கிறது. உங்கள் கையிலும் துப்பாக்கி.

நீங்களும் சுடலாம். சுடாமல் கூடவே நடக்கவும் செய்யலாம், கேம் ஒன்றும் சொல்லாது. முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை வரும். இந்தக் கண்றாவியே வேண்டாம் என்றால் ஸ்கிப் செய்துவிடலாம். ஒன்று மட்டும் முடியாது. மகரோவைச் சுட்டால் மிஷன் தோல்வி. அந்த ஜனங்களைக் காப்பாற்ற எந்தப் பட்டனும் கிடையாது.

வன்முறை கேம் என்றதுமே எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: இதை ஆடுகிற பையன் நாளைக்கு நிஜமாகவே சுடுவானா? 1999இல் கொலம்பைன் பள்ளிக் கொலைகளுக்குப் பிறகு ‘டூம்’ கேமின் மேல் பழி விழுந்ததிலிருந்து இதே பேச்சு. 2019இல் ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் 1,000 பேரிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் விசாரித்துப் பார்த்தார்கள். வன்முறை கேம் ஆடுவதற்கும் மூர்க்கமாக நடந்துகொள்வதற்கும் தொடர்பு தென்படவில்லை. வேறு முடிவுக்கு வந்த ஆய்வுகளும் உண்டு. அவையும் கொலையைப் பற்றிப் பேசுபவை அல்ல. ராத்திரி முழுக்க ஹெட்ஷாட் அடித்துவிட்டுக் காலையில் அம்மாவுக்குப் பால் பாக்கெட் வாங்கி வருகிறவர்கள்தான் நம்மில் பெரும்பாலோர். அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிடலாம்.

பிரச்சினை என்னவென்றால், அதை விட்ட கையோடு நாமும் தப்பித்துக்கொள்கிறோம். கேம் ஆடுகிற கூட்டத்துக்கு இரட்டை நாக்கு. “கேமும் இலக்கியம்தான் ப்ரோ, க்ளைமாக்ஸ்ல அழ வச்சிட்டான்” என்று ஒன்று. “வெறும் பிக்சல், இதெல்லாம் யாரையும் ஒண்ணும் பண்ணாது” என்று இன்னொன்று. சிறுவர்களுக்கு வன்முறை கேம் விற்கக் கூடாது என்ற கலிஃபோர்னியா சட்டத்தை 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்று ரத்து செய்தது. புத்தகத்துக்கும் சினிமாவுக்கும் உள்ள பேச்சுரிமை கேமுக்கும் உண்டு என்றது. தீங்கு நிரூபிக்கப்படவில்லை என்றும் சொன்னது. சட்டத்துக்கு அது போதும். நமக்குப் போதாது. அழ வைக்க முடிகிற ஒன்றால் அதைத் தவிர வேறெதுவும் நமக்குள் நடக்காது என்று எந்த நம்பிக்கையில் சொல்கிறோம்?

திரும்ப அந்த விமான நிலையத்துக்கு வருவோம். ரஷ்யாவில் வெளியான பதிப்பில் இந்த மிஷனையே தூக்கிவிட்டார்கள். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் வேறு ஏற்பாடு: பொதுமக்களைச் சுட்டால் மிஷன் தோல்வி. மேலோட்டமாகப் பார்த்தால் இதுதான் ஒழுக்கமான பதிப்பு. எனக்கோ இருப்பதிலேயே பயங்கரமானது இதுதான். ஏனென்றால் அங்கேயும் ஜனங்கள் சாகிறார்கள். கூட வருகிறவர்கள் சுட்டுக்கொண்டேதான் போகிறார்கள். ஆடுகிறவனின் விரல் மட்டும் சுத்தம். பிணங்களுக்கு நடுவே பொறுமையாக நடந்து மறுமுனைக்குப் போனால் அடுத்த கட்டம் திறக்கும். ‘நான் ஒண்ணும் பண்ணலையே’ என்பது நிஜ வாழ்க்கையில் ஒரு சாக்கு. இங்கே அது ஜெயிக்கிற வழி.

இத்தனைக்கும் அந்த உளவாளி தப்பிப்பதில்லை. எல்லாம் முடிந்து வண்டியில் ஏறப்போகும்போது மகரோவ் அவனைச் சுட்டுவிடுகிறான். ஒரு அமெரிக்கனின் பிணம் அங்கே கிடக்க வேண்டும், பழி அமெரிக்கா மேல் விழ வேண்டும், அவ்வளவுதான் திட்டம். அவன் எத்தனை பேரைச் சுட்டான், சுடவே இல்லையா என்பதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. கேமை எழுதியவர்களுக்கு இந்த இடம் நன்றாகவே புரிந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

வேறு மாதிரியும் எழுதலாம். 2015இல் டோபி ஃபாக்ஸ் உருவாக்கிய ‘அண்டர்டேல்’ கேமை ஒரு உயிரைக்கூடக் கொல்லாமல் முடிக்கலாம். எல்லோரையும் கொன்று முடித்துவிட்டு, மனசு கேட்காமல் முதலிலிருந்து நல்லவனாக ஆடினாலும் அது பழையதை மறக்காது. அதை ஆடும்போது வெறும் பிக்சல்களுக்காக விரல் தயங்குகிறது. நல்ல தயக்கத்தைப் பழக்க முடியும் என்றால், தயங்காமல் கூட நடப்பதையும் பழக்க முடியும். என் பயம் கொலைகாரனைப் பற்றியது அல்ல, அந்தக் கூட நடக்கிறவனைப் பற்றியது.

2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன், தலையில் கேமரா மாட்டி அதை ஃபேஸ்புக்கில் நேரலையாக ஓடவிட்டான். நமக்கு நன்கு பழகிய கோணம்: எதிரே துப்பாக்கி, பின்னால் நம் கண். கேம்தான் அவனை உருவாக்கியது என்று நான் சொல்லவரவில்லை. அவன் மண்டையில் இருந்த விஷம் இனவெறி. நான் யோசிப்பது பார்த்தவர்களைப் பற்றி. நேரலையாக ஓடியபோது அது பார்க்கப்பட்டது 200 தடவைக்கும் குறைவு என்று ஃபேஸ்புக் சொன்னது. இந்த முறை பட்டன் இருந்தது, திரையிலேயே, புகார் செய்ய. ஓடிக்கொண்டிருந்தவரை ஒருவரும் அதை அழுத்தவில்லை. முதல் புகார் வந்தது நேரலை முடிந்து 12 நிமிடம் கழித்து.