தோற்ற கதைக்கு ஒரு பதில்

“நடுவரின் தீர்ப்பே இறுதியானது.” எந்த எழுத்துப் போட்டியின் விதிமுறையைப் புரட்டினாலும் கடைசியில் இந்த வரி இருக்கும். லாயாங் லாயாங்கில் வளர்ந்து, இப்போது வேலைக்காக ஆளுக்கொரு ஊரில் இருக்கும் நாங்கள் சிலர் ஒரு புலனக் குழுவில் சேர்ந்து கதை வாசிக்கிறோம். குழுவுக்குள் ஒரு சிறுகதைப் போட்டி வைக்கலாம் என்று பேசியபோது பக்க அளவு, கடைசித் தேதி எல்லாம் பத்து நிமிடத்தில் முடிவாகிவிட்டன. இந்த ஒரு வரியில்தான் மாட்டிக்கொண்டோம்.

தீர்ப்பு இறுதியாக இருப்பதில் எனக்குத் தகராறு இல்லை. அது வாயே திறக்காமல் இருப்பதுதான் உறுத்துகிறது. தொழிற்சாலையில் ஒரு உதிரிப்பாகத்தைக் கழித்துப்போட்டால் அதில் ஒரு சீட்டு ஒட்டவேண்டும்: எந்த அளவு தவறியது, எவ்வளவு தவறியது. இரும்புத் துண்டுக்கே காரணம் சொல்கிறோம். ஷிஃப்ட் முடிந்து வந்து மூன்று ராத்திரி உட்கார்ந்து எழுதியவருக்கு ‘பங்கேற்புக்கு நன்றி’ மட்டும் போதுமா?

தமிழர்கள் எல்லாருக்கும் தெரிந்த பரிசுப் போட்டி தருமியுடையது. ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் நாகேஷ் புலம்புவதைப் பார்த்துச் சிரிக்கிறோம், நக்கீரரின் துணிச்சலைப் புகழ்கிறோம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நக்கீரர் ‘உனக்குப் பரிசு இல்லை, போ’ என்று அனுப்பிவிடவில்லை. குற்றம் இன்னது என்று சபையிலேயே சொன்னார். சொன்னதால்தான் பாட்டை எழுதியவர் நேரில் வந்து வாதாட முடிந்தது. காரணம் சொல்கிற நடுவர் தன்னையும் கேள்விக்கு உட்படுத்திக்கொள்கிறார். பேசாத நடுவரிடம் சிவனே வந்தாலும் கேட்க ஒன்றும் இருக்காது.

நம் நாட்டில் இரண்டு வழிகளும் நடந்திருக்கின்றன. 1950களின் தொடக்கத்தில் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். எழுத வந்தவர்களுக்குச் சிறுகதை என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தார்கள். 1972இல் அதே நாளிதழ் பவுன் பரிசுத் திட்டத்தைத் தொடங்கியது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை போட்டி நடத்தித் தேர்வான கதைகளை நூலாகவும் கொண்டுவந்தது. பரிசு வேண்டாம் என்று சொல்ல முடியாது. பவுனும் புத்தகமும் எழுதத் தூண்டியவை. ஆனால் தேர்வாகாத கதைக்கு என்ன ஆனது என்ற கேள்விக்குப் பரிசில் பதில் இல்லை, வகுப்பில்தான் இருக்கிறது.

“காரணம் சொன்னா மனசு ஒடஞ்சி எழுதுறதையே விட்ருவாங்கடா” என்றான் நண்பன். இருக்கலாம். ஆனால் காரணம் சொல்லாவிட்டால் அவர்களே ஒன்றைக் கற்பித்துக்கொள்வார்கள். ‘என் தமிழ் தோட்டத்துத் தமிழ், அதான்’ என்று ஒருவர் நினைப்பார். ‘வேண்டியவனுக்குக் குடுத்துட்டாங்க’ என்று இன்னொருவர் நினைப்பார். எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்த சின்ன வட்டம் நம்முடையது. கதையில் பெயரை மறைத்தாலும் நடை காட்டிக்கொடுத்துவிடும். அதனால் நடுவர் நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது, ஏன் அப்படி முடிவு செய்தார் என்பதும் தெரிய வேண்டும்.

இதற்கு விலை உண்டு. ஒவ்வொரு கதைக்கும் ஐந்து வரி எழுதவேண்டுமென்றால் நடுவருக்கு வாரக்கணக்கில் வேலை. ஆகவே முப்பது கதைகளுக்கு மேல் வாங்குவதில்லை என்று வைத்தோம். அப்படியானால் முப்பத்தோராவது ஆளுக்கு அநியாயம் இல்லையா? அநியாயம்தான். ஆனாலும் உள்ளே கூப்பிட்டுவிட்டு முகம் பார்க்காமல் அனுப்புவதைவிட, இடமில்லை என்று வாசலிலேயே சொல்லிவிடுவது மேல் என்று நினைக்கிறேன்.

ஆயிரம் வெள்ளி முதல் பரிசை ஐநூறாகக் குறைத்து, மீதி ஐநூறை நடுவரின் உழைப்புக்கு ஒதுக்கினோம். “ஐநூறு வெள்ளிக்கு யாரு எழுதுவா?” என்று குழுவில் ஒருவர் கேட்டார். தன் கதையை ஒருவர் கடைசி வரி வரைக்கும் வாசிப்பார் என்று தெரிந்தால் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் போட்டி.

விதிமுறையின் கடைசி வரியை இப்படி மாற்றியிருக்கிறோம்: “நடுவரின் தீர்ப்பே இறுதியானது. காரணம் எழுத்தில் தரப்படும்.”